சில்வர் சர்ஃபர் 18: கிர்பி வரைந்த ஒற்றை இதழ்

மார்வெல் காமிக்ஸின் விண்வெளி நாயகன் சில்வர் சர்ஃபரின் முதல் தனித்தொடர் 1968இல் தொடங்கி 18 இதழ்களோடு நின்றுபோனது. கதாசிரியர் ஸ்டான் லீ. முதல் 17 இதழ்களை வரைந்தவர் ஜான் பியூசெமா. 1970 செப்டம்பர் தேதியிட்ட கடைசி இதழை மட்டும் ஜாக் கிர்பி வரைந்தார். தொடரை வரிசையாக வாசித்து வருபவருக்கு இந்த இதழ் வேறு வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போல இருக்கும். கதையாக இது சுமார். ஆனால் இதன் கடைசிப் பக்கம் அந்தத் தொடரின் மிகச் சிறந்த பக்கங்களில் ஒன்று.

மாதத் தொடர்களில் வழக்கமான இதழ் தயாராகாதபோது இட்டு நிரப்பும் இதழ்கள் பொதுவாக மூன்று வகை. முதல் வகை, அவசரத்துக்கென்று முன்கூட்டியே முடித்து அலமாரியில் வைத்திருந்த தனிக்கதை. எந்த மாதத்திலும் செருகலாம் என்பதால் முன்னும் பின்னும் எதையும் தொடாது. இரண்டாவது, பழைய கதைக்குச் சில புதிய பக்கங்களை ஒட்டி வெளியிடுவது. 1975 ஜனவரி தேதியிட்ட கேப்டன் மார்வெல் 36 அப்படிப்பட்டது. 1967இல் மார்வெல் சூப்பர்-ஹீரோஸ் 12இல் வந்த அறிமுகக் கதைதான் அதில் பெரும்பகுதி. மூன்றாவது வகையில் கதை நகரும், ஓவியர் மாறுவார். சர்ஃபர் 18 இந்த மூன்றாவது வகை. மூன்றில் இதுதான் ஆபத்தானது. மறுபதிப்பைப் புரட்டிவிட்டுப் போய்விடலாம். நாயகனின் முகமே மாறினால் அப்படிப் போக முடியாது.

அதற்கு முந்தைய மாதங்களில் மாதாமாதம் வந்துகொண்டிருந்த தொடர், ஜூன் தேதியிட்ட 17ஆம் இதழுக்குப் பிறகு செப்டம்பருக்குத் தாவியது. 16, 17 இரண்டிலும் சாத்தான் போன்ற மெஃபிஸ்டோ, சர்ஃபரின் காதலி ஷல்லா-பாலைப் பணயமாக்கி அவனை உடைத்துப் போட்டிருந்தான். அந்தத் துயரத்துக்குள் இன்னும் ஆழமாகப் போயிருக்க வேண்டிய கதை, 18இல் இன்ஹியூமன்ஸ் என்ற அதிசய சக்தி கொண்ட இனத்தின் மறைவிடத்தில் போய் இறங்குகிறது. அந்த இனத்தின் வில்லன் மேக்ஸிமஸின் ஆட்கள் சர்ஃபரைத் தாக்குகிறார்கள். பிறகு அவர்களுடைய அரசன் பிளாக் போல்ட்டின் குடும்பம் நல்லெண்ணத்தோடு வருகிறது. முன்பு அடித்தவர்களும் இவர்களும் ஒன்றே என்று நினைத்து சர்ஃபர் இவர்களோடும் மோதுகிறான். நாயகர்கள் ஆள்மாறாட்டத்தில் அடித்துக்கொண்டு கடைசியில் விலகுவது அந்தக் கால மார்வெலின் தேய்ந்த சூத்திரம்.

இன்ஹியூமன்ஸ் ஏன் வந்தார்கள் என்பதற்கு நாட்காட்டியைப் பார்த்தால் போதும். 1970 ஆகஸ்ட் தேதியிட்ட அமேசிங் அட்வென்ச்சர்ஸ் முதல் இதழில் அவர்களுடைய தொடர் தொடங்கியது. அதை எழுதியவரும் வரைந்தவரும் கிர்பியே. அடுத்த மாதத் தேதியில் சர்ஃபர் 18. ஒரே கையிலிருந்து வந்த இந்த இரண்டு இதழ்களில் ஒன்று மற்றதற்கு விளம்பரம் போலவே வேலை செய்கிறது. அதற்கு விலை கொடுத்தது சர்ஃபரின் கதை. பாதிப் பக்கங்களில் அவன் தன் சொந்த இதழிலேயே விருந்தாளி.

இனி ஓவியம். பியூசெமாவின் சர்ஃபர் உடற்கூறு அறிந்தவரின் சர்ஃபர். நீண்ட கைகால்கள், வானை நோக்கி நிமிர்ந்த முகம், தளர்ந்த தோள்கள். அந்த உடம்பே புலம்பும். கிர்பியின் சர்ஃபருக்குப் புலம்பத் தெரியாது. அவன் உலோகத்தில் வார்த்த உந்துவிசை. 1966இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48இல் அவனை முதன்முதலாகக் கொண்டுவந்ததும் கிர்பிதான். லீயின் கதைச்சுருக்கத்தில் இல்லாத ஒரு உருவத்தைப் பறக்கும் பலகையோடு பக்கத்தில் அவராகவே வரைந்து வைத்தார். ஆகவே 18இல் வேறொருவர் வந்து இடத்தை நிரப்பினார் என்று சொல்வதைவிட, பெற்றவர் ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார் என்பதே சரி. அதே செப்டம்பர் தேதியிட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் 102தான் அந்தத் தொடரில் அவருடைய வழக்கமான கடைசி இதழ். அதற்குள் அவர் போட்டி நிறுவனமான டிசிக்குப் போவது முடிவாகிவிட்டது.

இந்த இதழின் உண்மையான குறை இங்க் வேலையில், அதாவது பென்சில் ஓவியத்தின் மேல் மையிட்டு முடிப்பதில் இருக்கிறது. ஃபென்டாஸ்டிக் ஃபோரில் கிர்பியின் பென்சிலுக்கு ஜோ சின்னாட் இங்க் போட்டபோது சர்ஃபரின் உடல் கண்ணாடி போல மின்னியது. கறுப்புப் பட்டைகளின் ஓரம் கத்தி வெட்டியது போல நிற்கும், நடுவே விட்ட வெள்ளைதான் பளபளப்பு. 18இல் இங்க் போட்டவர் அப்போது ஹல்க்கை வரைந்துகொண்டிருந்த ஹெர்ப் ட்ரிம்ப். அவருடைய கோடு தடிமன், கொஞ்சம் சொரசொரப்பு. பாறைக்கும் இயந்திரத்துக்கும் அது பொருந்தும். வெள்ளித் தோலுக்குப் பொருந்தவில்லை. சர்ஃபர் பல கட்டங்களில் வெள்ளை களிமண் பொம்மையாகத் தெரிகிறான்.

கடைசிப் பக்கத்தில் அதே சொரசொரப்பு வரமாகிவிடுகிறது. முழுப் பக்கத்துக்கும் ஒரே முகம். பற்கள் தெரிய, கண்கள் இடுங்க, வெறி பிடித்த சர்ஃபர். இத்தனை நாள் அன்பையும் அறிவையும் பிடித்துக்கொண்டிருந்தது போதும், இனி மனிதர்களை அவர்களுடைய வெறியைக் கொண்டே எதிர்ப்பேன் என்கிறான். 17 இதழ்களாகப் பொறுத்துப் பேசிய பாத்திரத்தின் வாயில் இந்தச் சூளுரை! பியூசெமா வரைந்திருந்தால் இதிலும் ஒரு சோகத்தின் அழகு கசிந்திருக்கும். கிர்பியிடம் அழகுக்கு இடமே இல்லை, கோபம் மட்டும்தான். அதனால்தான் பக்கம் இன்றும் அடிக்கிறது.

அந்தச் சூளுரையை யாரும் நிறைவேற்றவில்லை என்பதுதான் வருத்தம். 19ஆம் இதழ் வரவே இல்லை. 1971இல் சப்-மரைனர் 34, 35 இதழ்களில் அந்தத் தொடரின் கடல் நாயகன் நேமோருடனும் ஹல்க்குடனும் சர்ஃபர் திரும்பி வந்தபோது பழைய சர்ஃபராகவே வந்தான். 1978இல் லீயும் கிர்பியும் சேர்ந்து அவனை வைத்து ஒரு முழுநீளக் கிராஃபிக் நாவல் செய்தார்கள். அதுவும் புதிதாக ஆரம்பித்த தனிக்கதை. அடுத்த மாதத் தொடருக்கு வாசகர்கள் 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாங்குவதென்றால்: தொடரின் முதல் இதழ், மெஃபிஸ்டோ அறிமுகமாகும் 3, தோரோடு மோதும் 4 ஆகியவற்றைப் போல 18 விலையேறியது அல்ல. வெளிவந்தபோது விலை 15 சென்ட். உள்ளே 32 பக்கங்கள், அதாவது 16 தாள்கள், அவற்றை எண்ணிப் பாருங்கள். நடுத்தாள் கழன்று காணாமல் போவதுதான் இந்த வயது இதழ்களில் சகஜமான குறை. தாள்களைப் பிணைக்கும் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்திருந்தால் அதைச் சுற்றியுள்ள தாள் நைந்து நடுத்தாள் முதலில் விடும். கடைசிக் கதைப்பக்கத்தைத் தனியாகப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அது கிழிந்திருந்தால் இந்த இதழில் வாங்குவதற்கு மிச்சம் கொஞ்சம்தான்.

வாசிக்க மட்டும் வேண்டுமென்றால் சில்வர் சர்ஃபர் ஆம்னிபஸ் என்ற பெருந்தொகுப்பு போதும், 18 இதழ்களும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. எசென்ஷியல் சில்வர் சர்ஃபர் முதல் தொகுதியிலும் 18 உண்டு. அது கறுப்பு வெள்ளைப் பதிப்பு. பியூசெமாவின் விண்வெளிக்கு வண்ணம் இல்லாதது இழப்பு. ட்ரிம்பின் தடித்த கோட்டுக்கு அதுவே நன்மை, கடைசி முகம் கறுப்பு வெள்ளையில் இன்னும் கடுமையாக நிற்கிறது. எந்தப் பதிப்பானாலும் 17ஐ முடித்த கையோடு 18ஐ எடுக்க வேண்டும். இடையில் ஒரு வாரம் விட்டால்கூட அந்த முகத்தின் அதிர்ச்சி பாதியாகிவிடும்.