லெ பூஸ் மலையா, நாடக மேடையா?

பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பொறுப்பெடுத்து நடத்தும் பழக்கம் வர, மலையேற்றம் நல்லதா, நாடகம் நல்லதா? மொரிஷியஸில் நம் பெற்றோர் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு.

செலவு
மலை: பஸ் கட்டணம், தண்ணீர், வழுக்காத காலணி.
நாடகம்: உடை, ஒலிபெருக்கி, ஒத்திகைக்கு இடம். கொஞ்சம் கூடத்தான்.

காலம்
மலை: லெ பூஸ் 812 மீட்டர், அரை நாள் போதும். 1836இல் டார்வின் ஏறிய மலை இது. மழையில் பாதை வழுக்கும், புயல் மாதங்களில் வேண்டாம்.
நாடகம்: வாரக்கணக்கில் ஒத்திகை. எந்த மாதமும் சரி.

தலைமை
மலை: கடைசியில் மூச்சு வாங்கி வரும் தம்பியின் வேகத்துக்கு மொத்தக் குழுவையும் நடத்த வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும்போதே மேகம் இறங்கினால், "திரும்பிடலாம்" என்று சொல்லத் துணிவு வேண்டும். வகுப்பறையில் இது வராது.
நாடகம்: தான் எழுதிய வசனத்தை நண்பர்கள் வெட்டச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ஆசைப்பட்ட வேடத்தை விட்டுக்கொடுக்கவும் வேண்டும். வீட்டில் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோல் மட்டுமே பேசும் பிள்ளையின் வாயில் தமிழ் புழங்கும். எனக்கு இது மிகப் பெரிய விஷயம்.

யாருக்கு எது?
கூச்சப்படும் பிள்ளைக்கு முதலில் மலை. அங்கே பார்வையாளர் இல்லை. நன்றாகப் பேசும், ஆனால் பிறர் சொல் கேட்காத பிள்ளைக்கு நாடகம்.