பெரியவங்களுக்கு மூணு சக்கர சைக்கிள் வாங்கப் போறவங்க தயவு செஞ்சு படிங்க, எனக்கு 1,700 வெள்ளி போச்சு

கை இன்னும் நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சிருங்க. சைக்கிளுக்கு 1,480, லோரிக்கு 220, மொத்தம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). நம்ம மலேசியாவுல குறைஞ்சபட்ச மாசச் சம்பளமே 1,700 வெள்ளிதான், அப்ப ஒரு ஆளு ஒரு மாசம் பூரா ஒழைச்ச காசு. பாலர் பள்ளி டீச்சர் நான், எனக்கு அது சும்மா வந்த காசு இல்ல.

எங்கம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துல ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க, தோட்டத்த எண்ணெய்ப் பனைக்கு (செம்பனை) மாத்துன பிறகு உதிரிப் பழம் பொறுக்குனாங்க. இப்ப 66 வயசு, முட்டி வலி. ஆயுசு பூரா அப்பா சைக்கிள்ல பின்னால உக்காந்து போனதோட சரி, ஓட்டத் தெரியாது. போன தீபாவளிக்குத் துணி எடுக்க ஈப்போ போனப்ப ஒரு சீனப் பாட்டி மூணு சக்கர சைக்கிள்ல கூடை நெறைய காய்கறியோட போனாங்க, அம்மா நின்னு பாத்துகிட்டே இருந்துட்டு "இது விழாது போலயே, நான் கூட ஓட்டலாம்"னு சொன்னாங்க. அம்மா வாயத் தொறந்து எனக்கு வேணும்னு கேட்டது எனக்குத் தெரிஞ்சு அது ஒண்ணுதான். சாயங்காலம் எங்க தாமான, அதான் குடியிருப்ப, ஒரு சுத்து சுத்தணும், வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போகணும், அவ்வளவுதான் ஆசை.

ரெண்டு வாரம் தேடினேன். சாஞ்சு உக்காந்து ஓட்டுற, முன்னால ரெண்டு வீலு வெச்ச மாடல் இருக்கு, ஆனா சீட்டு தரையோட தரையா இருக்கும், முட்டி வலிக்காரங்க எந்திரிக்க முடியாது. அதனால பின்னால ரெண்டு வீலு, நடுக் கம்பி தாழ்வா, கால ஈஸியா எடுத்து வைக்கிற மாதிரி இருக்குறது. கிள்ளான் பக்கம் இருந்து ஒன்லைன்ல விக்கிற ஒரு கடையில அந்த மாடல் இருந்துச்சு. நம்ம தமிழ்ப் பையன்தான். வீடியோ கால்ல வந்தான், அம்மாவோட ஒயரம் கேட்டான், முட்டிக்கு சீட்டு எவ்வளவு ஏத்தணும்னு காட்டுனான், பிரேக்க அழுத்தி லாக் பண்ணிக் காட்டுனான், "எங்கம்மாவுக்கும் இதேதான் அக்கா வாங்கிக் குடுத்தேன், ரெண்டு வீலும் இழுக்கும், மேடெல்லாம் சாதாரணமா ஏறும்"னு சொன்னான். அந்த "எங்கம்மாவுக்கும்"ங்கிற வார்த்தையில நான் விழுந்துட்டேன். மோசடி அக்கவுண்டான்னு பாக்குற போலிசோட செமாக் மியூல் வெப்சைட்ல அக்கவுண்ட் நம்பரப் போட்டும் பாத்தேன், ரிப்போட் எதுவும் இல்ல, அன்னிக்கே முழுக் காசையும் அனுப்பிட்டேன். நானே வந்து எடுத்துக்குறேன்னு கேட்டதுக்கு "மைவி கார்ல ஏறாது அக்கா, நம்ம லோரில பத்திரமா வந்துரும், 220 மட்டும் குடுங்க"ன்னான். மைவில ஏறாதுங்கிறது உண்மைதான், பின்னாடி அச்சே அவ்வளவு அகலம். அந்த ஒரு உண்மையச் சொல்லித்தான் லோரியையும் என் தலையில கட்டுனான்.

வர்ற அன்னிக்கு அம்மா மூணு எலுமிச்சம்பழம் வாங்கி வாசல்ல வெச்சுட்டுக் காத்திருந்தாங்க, வீலுக்கு ஒண்ணு. மத்தியானம்னு சொன்ன லோரி ராத்திரி எட்டு மணிக்கு வந்துச்சு, கொட்டுற மழை. சைக்கிள ஒருக்களிச்சுப் படுக்கப் போட்டு அதுமேல யாரோட வாஷிங் மெஷினோ ஏத்தியிருக்கான். நான் தார்ப்பாயப் பிரிச்சுப் பாக்குறதுக்குள்ள "சைன் பண்ணுங்கக்கா, இன்னும் கோலகங்சார் போகணும்"னு அவசரப்படுத்துனான், நானும் போட்டேன். பொருள் நல்ல நிலையில கெடச்சுதுன்னு அந்த டி.ஓ.ல (டெலிவரி சீட்டுல) மலாய்ல ஒரு வரி இருந்துச்சு, இருட்டுல யாரு பாக்குறா.

காலையில பாத்தா கூடை நசுங்கிருக்கு, பின்னால வலது வீலு எட்டு போட்டு ஆடுது, பிரேக்ல லாக்கே இல்ல, வீடியோல காட்டுன வண்டி வேற இது வேற. எங்க வாசல் சரிவு. அம்மா ஆசையா ஏறி உக்காந்ததும் வண்டி தானா உருண்டு லொங்காங் (சாக்கடை) பக்கம் போகுது, நான் கூடையப் புடிச்சு இழுத்து நிறுத்துனேன். அம்மா விழுந்திருந்தா? அதுக்கு மேல என்னால யோசிக்க முடியல.

போன் பண்ணா முதல்ல "படம் அனுப்புங்க அக்கா"ன்னான். பதினோரு படம், ரெண்டு வீடியோ அனுப்பினேன். அடுத்த நாள் "இது லோரி டேமேஜ், அவங்களக் கேளுங்க." லோரிக்காரன் "ஏத்துனது கடைக்காரன், அவனக் கேளுங்க." திரும்பக் கடைக்குக் கூப்பிட்டா ஒரு பொண்ணு எடுத்து பாஸ் வெளியூர்ங்குது. நாலாவது நாள் ஸ்பேர் பார்ட் சீனால இருந்து வரணுமாம். அஞ்சாவது நாள் "நீங்கதான் சைன் பண்ணிட்டீங்களே"ன்னு ஒரே வரி, அதுக்கப்புறம் ப்ளாக். வீடியோ கால்ல அவ்வளவு நேரம் அக்கா அக்கான்னவன். 1,700 வெள்ளி வாங்குற வரைக்கும்தான் அக்கா.

எங்க ஊரு சைக்கிள் கடை அங்கிள்கிட்ட தள்ளிகிட்டே போனேன். அந்தத் தவுக்கே (மொதலாளி) நல்லாத் தமிழ் பேசுவாரு. பின்பக்கத்தத் தூக்கி பெடலச் சுத்துனாரு, இடது வீலு மட்டும் சுத்துது. "ஒத்த வீலுதான் இழுக்குது மா, செம்மண்ணு மேட்டுல அந்த வீலு வழுக்குனா அங்கயே நின்னுடும், மேல ஏறாது"ன்னாரு. அச்சு வளைஞ்சிருச்சாம், தட்டி நிமித்துனா நிக்காதாம், மாத்தணும். இந்த வண்டி வீலெல்லாம் மேல இருந்து கீழ வர்ற பாரத்தத் தாங்கும், பக்கவாட்டுல அழுத்துனா தாங்காது, இதப் போயி யாராவது படுக்கப் போடுவாங்களான்னு அவருக்கே கோவம். ஒரு வார்த்தை முன்னாடியே அவரக் கேட்டிருக்கலாம், கோயிலுக்குப் போற வழியிலதான் கடை இருக்கு.

வாங்கப் போறவங்களுக்கு வெவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், மனசு ஓடல, தோணுறத மட்டும் சொல்றேன். நேர்ல ஓட்டிப் பாக்காம வாங்காதீங்க. பெடலச் சுத்தி எத்தன வீலு இழுக்குதுன்னு பாருங்க. பிரேக் லாக் இல்லாத வண்டி வேணவே வேணாம். வளைவுல வேகத்தக் கொறைக்கணும்னு பெரியவங்களுக்குச் சொல்லிக் குடுங்க, ரெண்டு சக்கர வண்டி மாதிரி இது சாயாது, வேகமாத் திருப்புனா ஒரு பக்கம் தூக்கிரும். லோரில நிக்க வெச்சுத்தான் வரணும், ஃப்ரேம்ல கயிறு கட்டணும், வீல்ல கட்டக் கூடாது, மேல எதுவும் ஏத்தக் கூடாது. பிரிச்சுப் பாத்து வீடியோ எடுக்காம சைன் போடாதீங்க, மழை பெஞ்சாலும் சரி, லோரிக்காரன் கத்துனாலும் சரி.

திங்கக்கெழமை லீவு போட்டு ஈப்போவுல பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல கேஸ் குடுக்கப் போறேன். பதிவு பண்ண 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்ல, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். எனக்கு என் 1,700 வந்தாப் போதும்.

எங்க தாமான்காரங்க யாராவது இதப் படிச்சா ஒரு உதவி, அம்மாகிட்ட விலையச் சொல்லிராதீங்க. 600 வெள்ளின்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். "600 தானே, போகட்டும் விடு தாயி, ஒடம்புக்கு ஒண்ணும் ஆகலல்ல"ன்னு இன்னிக்குக் காலையில கூட என்னைத்தான் தேத்துனாங்க.