போலரைஸ்டா டபுள் த்ரெஷோல்டா, நமக்கு எது செட் ஆகும்?

ரெண்டுமே நார்வேல வளர்ந்த ஓட்டப் பயிற்சி முறைதான்னு முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா ரன்னர்ஸ் குரூப்ல ஏதோ எதிரெதிர் கட்சி மாதிரி அடிச்சுக்கறாங்க.

போலரைஸ்டுன்னா நார்வேல வேலை பாக்கற விளையாட்டு ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் சைலர் சொன்ன 80/20. பத்து செஷன்ல எட்டு பேசிக்கிட்டே ஓடற வேகம், ரெண்டு மூச்சு வாங்கற அளவுக்கு ஹார்டு, நடுவுல இருக்கற "கொஞ்சம் கஷ்டம்" ஸோன்ல ரொம்ப நேரம் இருக்காதீங்க, அவ்ளோதான். அந்த 80 செஷன் கணக்கு, நிமிஷக் கணக்கு இல்ல, நிமிஷமா எண்ணினா ஈஸி 90 சதவீதம் கிட்ட வந்துடும்.

டபுள் த்ரெஷோல்டு அந்த நடு ஸோனத்தான் புடிச்சுக்குது. த்ரெஷோல்டுன்னா, இதுக்கு மேல வேகம் போனா ரத்தத்துல லாக்டேட் மளமளன்னு சேர ஆரம்பிக்கற எல்லை, அத ஒட்டி ஓடறதுதான் த்ரெஷோல்டு செஷன். நார்வே ஓட்டக்காரர் மாரியஸ் பாக்கன் தன் மேலயே சோதிச்சுப் பாத்த முறை, அப்புறம் அதே நாட்டு யாக்கோப் இங்கெப்ரிக்ட்சென் 2021 டோக்கியோல 1500 மீட்டர் தங்கம் ஜெயிச்சதும் உலகமே இத பேச ஆரம்பிச்சுது. செவ்வாய், வியாழன் காலைல ஒரு த்ரெஷோல்டு, சாயங்காலம் இன்னொண்ணு. காலைல ஆறு நிமிஷம் அஞ்சு தடவ, சாயங்காலம் 1000 மீட்டர் பத்து தடவங்கற மாதிரி. ஒவ்வொரு தடவைக்கும் (ரெப்) நடுவுல ஊசியால குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் பாப்பாங்க, 2ல இருந்து 3.5 மில்லிமோலுக்குள்ள இருக்கணும், மேல போனா கால் எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருந்தாலும் வேகத்த குறைச்சே ஆகணும். இந்த அடக்கம்தான் முறையே, அத விட்டுட்டு வெறும் ஷெட்யூல மட்டும் காப்பி பண்றது வேஸ்ட்.

ஆராய்ச்சி பக்கம் பாத்தா 2014ல 48 பேர வச்சு ஒன்பது வாரம் பண்ணதுல போலரைஸ்டு குரூப்புக்கு விஓ2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சமா பயன்படுத்தற ஆக்ஸிஜன் அளவு) 12 சதவீதம் கிட்ட ஏறி முதல்ல வந்துச்சு. ஆனா அதே வருஷம் நம்மள மாதிரி சாதாரண ரன்னர்ஸ வச்சு 10 கிலோமீட்டருக்கு பண்ண இன்னொண்ணுல போலரைஸ்டு, த்ரெஷோல்டு ரெண்டு குரூப்புமே முன்னேறுச்சு, பெரிய வித்தியாசம் எதுவும் நிரூபணம் ஆகல.

என் முடிவு: வேலைக்குப் போயிட்டு வாரத்துக்கு அஞ்சு நாள் ஓடறவங்களுக்கு டபுள் வேண்டவே வேண்டாம். அது வாரத்துக்கு 160 கிலோமீட்டர் ஓடி, மதியம் தூங்கி எழுந்து திரும்ப ஓடறவங்களோடது. மூணு நாள் நிஜமாவே ஈஸி, ஒரு நாள் இன்டர்வல் (வேகமா ஓடி, நடுநடுவுல ஓய்வு), ஒரு நாள் ஒரே ஒரு த்ரெஷோல்டு. நம்ம ஊர் புழுக்கத்துல ஹார்ட் ரேட் தானா ஏறும், அதனால வாட்ச்ச மட்டும் நம்பாதீங்க, த்ரெஷோல்டு ரெப்ல நாலு வார்த்தை சேத்து பேச வரலன்னா அன்னிக்கு வேகம் அதிகம்.