"குடும்பத்தோடு சிரிக்கலாம்" என்றார். 168 வெள்ளி போனது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தமிழ்ப் படங்களுக்கு விமர்சனம் சொல்லிக்கொண்டே நுழைவுச்சீட்டும் விற்கும் ஒரு முகநூல் பக்கத்தை நடத்தும் விமர்சகரிடம் முந்தாநாள் சனிக்கிழமை 168 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) இழந்தேன். பக்கத்தின் பெயரையோ படத்தின் பெயரையோ எழுதப் போவதில்லை. பினாங்கில் இப்படி விற்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

"வயிறு வலிக்கச் சிரித்தேன்" என்று மட்டும் அந்த விமர்சகர் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை ரசித்தவர்களுக்கு இது விருந்து என்றார். 1964இல் வந்த படம். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் வந்தால் என் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் பன்னிரண்டு வயதும் ஆகின்றன, அழைத்து வரலாமா என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) தெளிவாகவே கேட்டேன். "தாராளமாக வாங்க அக்கா, அம்மாவையும் மறக்காம கூட்டிட்டு வாங்க" என்று குரல் பதிவு அனுப்பினார். அந்த 'அம்மாவையும்' என்ற சொல்லில்தான் விழுந்தேன். சோளப்பொரியும் குளிர்பானமும் சேர்த்துத் தலைக்கு 28 வெள்ளி, ஆறு பேருக்கு 168 வெள்ளி. அவர் அனுப்பிய கியூஆர் குறியீட்டில் அந்த நிமிடமே செலுத்தினேன்.

பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து பினாங்குத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தால், திரையரங்க வாசலில் பிள்ளைகள் இருவரையும் நிறுத்திவிட்டார்கள். தணிக்கை வாரியம் அந்தப் படத்துக்கு 16 என்று வகைப்பாடு கொடுத்திருந்தது. சீட்டைப் பரிசோதித்த பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அந்த எண் சுவரொட்டியிலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. சோளப்பொரிச் சலுகையைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியவில்லை. கணவர் பிள்ளைகளோடு வெளியே இருந்துவிட, அம்மாவும் தம்பியும் நானும் உள்ளே போனோம். சிரிப்பு வந்ததெல்லாம் முன்னோட்டத்தில் ஏற்கெனவே காட்டிய நான்கு காட்சிகளுக்குத்தான். மற்ற நேரமெல்லாம் பருமனான ஒரு பெண்ணைக் கேலி செய்வதும், ஓயாமல் கன்னத்தில் அறைவதும், இரட்டை அர்த்த வசனங்களும். அறை வாங்குபவர் விழும் விதத்தில் ஒரு நேர்த்தி இருந்தால் நானும் சிரிப்பேன். அரை மணி நேரத்தில் அம்மா, என் முகத்தைப் பார்க்காமலேயே, "போகலாமா?" என்றார்.

அன்றிரவே பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சிரிப்புப் படத்துக்கு வயசு பார்ப்பாங்களா அக்கா?" என்பது முதல் பதில். குரல் பதிவை நினைவூட்டியதும் தணிக்கை வாரியத்தைக் கேட்கச் சொன்னார். சோளப்பொரிக்குத் திரையரங்கைக் கேட்கச் சொன்னார். படத்தைப் பற்றிச் சொன்னபோது, நகைச்சுவை உணர்வு ஆளுக்கு ஆள் மாறும் என்று பாடம் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்தில் மனுச் செய்ய 5 வெள்ளிதான் கட்டணம். ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டுமே! என்னிடம் இருப்பவை ஒரு புனைபெயரும், வேறு யாரோ ஒருவர் பெயரில் 168 வெள்ளிக்கு வந்த ரசீதும்தான்.

நகைச்சுவைப் படத்தை எப்படி எடைபோடுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது இவ்வளவுதான் வருகிறது. வகைப்பாட்டு எண்ணைத் திரையரங்கின் பக்கத்தில் நீங்களே பாருங்கள். வயிறு வலித்தது என்பவரிடம், முன்னோட்டத்தில் இல்லாத ஒரு காட்சியைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சீட்டும் விற்பவரானால் அதையும் கேட்க வேண்டாம். குரல் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். என்னுடையது பத்திரமாக இருக்கிறது.