மிச்சிகன் ஏரியைக் கடப்பது: கப்பலா, சிகாகோ வழியா?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து ஏரியின் அக்கரையிலுள்ள விஸ்கான்சினுக்குச் சரக்கு அனுப்பியவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன: நெரிசல் மிகுந்த சிகாகோ ரயில் யார்டுகள் வழியாக ஏரியைச் சுற்றிச் செல்லும் ரயில் பாதை, அல்லது 1892இல் ஆன் ஆர்பர் ரயில்வே தொடங்கிய, ரயில் வேகன்களை அப்படியே ஏற்றிக்கொண்டு ஏரியைக் கடக்கும் கப்பல். கப்பலில் சரக்கை இறக்கி ஏற்றும் வேலை இல்லை. ஆனால், ஒரு பக்கம் சாய்ந்துவிடாதபடி எடை பார்த்துத் தளத்தின் தண்டவாளங்களில் வேகன்களை மாற்றி மாற்றித் தள்ளி, சங்கிலியாலும் ஜாக்கியாலும் இறுகப் பிணைக்க வேண்டியிருந்தது. 1929 அக்டோபர் புயலில் ‘மில்வாக்கி’ கப்பல் ஊழியர் அனைவரோடும் மூழ்கியதை நினைக்கும்போது, சிகாகோவின் தாமதமே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. நீண்ட டீசல் ரயில்கள் வந்தபின் சுற்றுப்பாதையின் செலவு குறைய, கப்பலின் சாதகம் தேய்ந்தது. நிலக்கரியில் ஓடும் ‘பேட்ஜர்’ கப்பல் மிச்சிகன் கரையிலுள்ள லடிங்டனிலிருந்து 1990 வரை வேகன்களைச் சுமந்தது.