மலை விடுதிக்கு மழைக்காலச் சாமான்: வார ஜீப்பா, தினசரி பைக்கா?

குமரி மாவட்டத்தில் கீரிப்பாறைக்கு மேலே எஸ்டேட் பக்கம் விடுதி நடத்துபவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தையிலிருந்து வாரம் ஒருமுறை வாடகை ஜீப்பில் மொத்தமாக ஏற்றுவதா, ஆள் வைத்துத் தினமும் பைக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருவதா? இரண்டையும் செய்து பார்த்து, நாங்கள் ஜீப்புக்கு மாறிவிட்டோம்.

பைக்கில் உள்ள வசதி தெரிந்ததுதான். செலவு குறைவு, சாளை, நெத்திலி மீனெல்லாம் அன்றன்றைக்குப் புதிதாக வரும். கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் மட்டும் எப்படியும் ஜீப்பில்தான் வர வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை மழை வருகிற நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், புயல் சின்னம் இல்லாத நாட்களில் காலை பெரும்பாலும் வெளுத்திருக்கும். மதியத்துக்கு மேல்தான் இடியோடு கொட்டும். காலைச் சாப்பாட்டு வேலை முடித்து இறங்குகிற ஆள், மார்க்கெட், மளிகை எல்லாம் பார்த்துவிட்டு மலை ஏறுவது சரியாக அந்த நேரத்தில். நாகர்கோவிலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே பெய்த மழைக்கு ஆறு பெருகி, சப்பாத்து என்கிற தரைப்பாலம் மூழ்கிக் கிடக்கும். கீழே நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது. பின்னால் மூட்டையைக் கட்டிக்கொண்டு தினமும் ஒருவரை அந்தத் தண்ணீருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜீப் என்றால் தெளிந்த ஒரு காலையைப் பார்த்து இறங்கி, உச்சிக்கு முன்பே மேலே வந்துவிடலாம். மழை வலுத்தால் ஒரு நாள் தள்ளிப்போடலாம். கையில் இருப்பு இருக்கிறதே.

அந்த இருப்பு எவ்வளவு முக்கியம் என்பதை ஒக்கி புயல் காட்டியது. 2017 நவம்பர் 30 அன்று மாவட்டம் முழுக்க ரப்பரும் வாழையும் சாய்ந்தன, ரோடுகளை மரங்கள் மறித்தன, பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு வாரத்தில் பைக்கும் ஓடாது, ஜீப்பும் ஓடாது. வீட்டில் இருப்பதுதான் சாப்பாடு.

மொத்தமாக வாங்கினால் ஈரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும், அது உண்மை. அரிசியை மூடி போட்ட தகர டிரம்மில், தரையில் படாமல் பலகை மேல் வைக்கிறோம். ரவையையும் மாவையும் வறுத்து ஆறவைத்துத்தான் டப்பாவில் போடுவது. சின்ன வெங்காயம் அடுப்புக்கு மேலே கூடையில் தொங்கும். கீரை, தக்காளி வார முதல் பாதியிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் சேனை, காச்சில் கிழங்கு, மரச்சீனி (மரவள்ளி), கருவாடுதான். விருந்தினர் யாரும் குறை சொன்னதில்லை, மரச்சீனியும் மீன்கறியும் கேட்டு வருகிறவர்களே அதிகம்.

ஜூன், ஜூலையில் இந்தக் கணக்கு அவ்வளவு எடுபடாது. தென்மேற்கு மழை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டால் தெளிந்த காலை என்று ஒன்று கிடைப்பதே அரிது. சொந்தமாக ஜீப் வாங்குவது லாபமா என்றால், நாங்கள் வாடகையில்தான் ஓட்டுகிறோம்; பராமரிப்புச் செலவை வைத்திருப்பவரிடம் கேட்பதே நல்லது. இரண்டே அறை உள்ள இடமென்றால் ஜீப் வாடகை கட்டுப்படியாகாமல் போகலாம். பக்கத்து எஸ்டேட்காரர்களோடு சேர்ந்து ஏற்றிப் பாருங்கள். மழை ஓய்ந்து விடுமுறைக் கூட்டம் வரும்போது மீனுக்காகப் பைக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம்.