ஷூ கம்பெனி வேலையா, சொந்த யூனிட்டா?

டிகிரி முடித்த கையோடு ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தால் மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப். 12 சதவீதம் பிடித்தால் கம்பெனியும் தன் பங்குக்கு 12 போடும், பெண் பார்க்கப் போனால் சொல்லிக்கொள்ளவும் ஒரு வேலை. அவ்வளவுதான்.

சொந்தமாக யூனிட் போட்டு, ஷூ கம்பெனிகளுக்கு அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைத்துக் கொடுப்பது வேறு கணக்கு. மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் என்ற, புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசுத் திட்டத்துக்கு மனு போடலாம்; திட்ட மதிப்பு 10 லட்சத்தைத் தாண்டினால் 25 சதவீத மானியம், வட்டியிலும் 3 சதவீதம் குறையும், ஆனால் பொதுப் பிரிவு என்றால் 10 சதவீதம் கைப்பணம் போட வேண்டும், வங்கி மேலாளரும் தலையாட்ட வேண்டும். அதையாவது அலைந்து திரிந்து வாங்கிவிடலாம். உயிரை எடுப்பது வசூல்தான். தைத்து அனுப்பிய பிறகு ஆர்டர் கொடுத்த கம்பெனிக்காரர்கள் "ஷிப்மென்ட் போகட்டும் தம்பி" என்பார்கள், இங்கே சனிக்கிழமையானால் தையல்காரர்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். 2006-இல் வந்த சிறு, குறு தொழில் சட்டப்படி சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தால் புகாரும் கொடுக்கலாம். சரி, கொடுத்துவிட்டால் அடுத்த ஆர்டர் யார் தருவார்கள்?

என்னைக் கேட்டால், முதலில் இரண்டு வருஷம் கம்பெனி புரொடக்‌ஷனில் நின்று எந்தப் பார்ட்டி ஒழுங்காகப் பணம் தருகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டு, அப்புறம் மெஷின் வாங்கலாம். வீட்டில் ஏற்கெனவே கடன் இருந்தால் இப்போதைக்கு மெஷின் வாங்கும் யோசனையே வேண்டாம்.